மீன் தராசில் எடை போட்ட ஸ்டியரிங்

கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் போகும் வழியில் தென்பெண்ணைப் பாலத்தில்தான் அது முதல்முறை நடந்தது. வேகம் 60ஐத் தாண்டவில்லை. பாலத்து இணைப்பில் முன்சக்கரம் ‘தட்’டென்று இறங்கி ஏறியது. அடுத்த நொடி ஸ்டியரிங் என் பேச்சைக் கேட்கவில்லை. இடமும் வலமும் படபடவென்று அடித்துக்கொண்டு, டேஷ்போர்டு, கதவு, கண்ணாடி எல்லாம் சேர்ந்து குலுங்கி, பேயாடும் வீட்டுக்குள் உட்கார்ந்த மாதிரி இருந்தது. பின்னால் வந்த பஸ்காரர் ஹாரனை விட்ட பாடில்லை. பக்கத்தில் இருந்த என் அம்மா முருகனையும் என் அப்பாவையும் மாற்றி மாற்றிக் கூப்பிட்டார். அப்பா போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம்.

நான் செய்த தப்பு, வீலை இறுக்கிப் பிடித்து அதோடு மல்லுக்கு நின்றதுதான். மல்லுக்கு நின்றால் ஆட்டம் கூடும். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, வீலை நேராக மட்டும் வைத்துக்கொண்டு, பிரேக்கைப் பதறாமல் கொஞ்சம் கொஞ்சமாக மிதித்து வேகத்தை இறக்கினால் 40, 35க்கு வரும்போது தானாக அடங்கிவிடும். அன்றைக்கு அது எனக்குத் தெரியாது. பாலம் முடிந்து ஓரம் கட்டியபோது கை நடுக்கம் நிற்க ஐந்து நிமிஷம் ஆனது. கீழே இறங்கி டயரை எட்டி உதைத்துப் பார்த்தேன். எல்லோரும் அதைத்தானே செய்வோம்.

வண்டி 2004 மாடல் மாருதி ஜிப்சி, நாலு சக்கரமும் இழுக்கிற ஜீப். பண்ருட்டிப் பக்கம் முந்திரிக் கொட்டை வாங்கி விற்கிற தொழில் எனக்கு. மழை பெய்த செம்மண்ணில் தோப்புக்குள் போய் மூட்டை ஏற்றிக்கொண்டு வர டெம்போ உதவாது, டிராக்டர் எல்லா நேரமும் கிடைக்காது. அதற்காக வாங்கியது. ஆசைக்காக வாங்கியது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். வாங்கிய கையோடு கம்பெனி கொடுத்த 205/70 டயரைக் கழற்றிவிட்டு 215/75 போட்டேன். 15 இஞ்ச் ரிம்மில் டயரின் உயரம் ஏறக்குறைய 35 மில்லிமீட்டர் கூடுதல். முன்பக்கம் ஷேக்கிளையும், அதாவது பட்டை ஸ்பிரிங்கின் முனையைச் சேசிஸோடு இணைக்கும் தகட்டையும், கொஞ்சம் நீளமாக மாற்றினேன். வண்டி கம்பீரமாக நின்றது. அந்தக் கம்பீரத்துக்கான பில் பிறகு தவணை தவணையாக வந்தது.

பாலத்துச் சம்பவத்துக்குப் பிறகு ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். வீல் பேலன்ஸிங் பண்ணு என்றார் ஒருவர். பண்ணினேன். இரண்டு வாரம் நன்றாக இருந்தது, மறுபடி வந்தது. டயரை முன்னுக்குப் பின் மாற்று என்றார் இன்னொருவர். மாற்றினேன், ஒரு மாதம். மூன்றாவது ஆள் சொன்னதுதான் செலவான வைத்தியம்: “ஸ்டியரிங் டேம்பர் போயிருக்கும் சார், நல்ல வெயிட்டான டேம்பரா வாங்கிப் போடுங்க.” ஸ்டியரிங் கம்பியில் மாட்டுகிற ஷாக் அப்சார்பர்தான் டேம்பர். வெளியூரிலிருந்து வரவழைத்த தடிமனான டேம்பர், அதற்கென்று தனி பிராக்கெட். பொருத்தி ஓட்டினால் வெண்ணெய் மாதிரி. தென்பெண்ணைப் பாலத்தில் வேண்டுமென்றே 70இல் ஏற்றிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. நாலு பேரிடம் பெருமையாகச் சொன்னேன்.

ஐந்து மாதம் கழித்து, தவளக்குப்பம் தாண்டி, ஒரு சாதாரணப் பள்ளத்தில், முன்பைவிட மோசமாக அடித்தது.

டேம்பர் என்பது பல்வலிக்குப் போடுகிற மாத்திரை. வலி போகும், சொத்தை உள்ளே வளர்ந்துகொண்டே இருக்கும். டேம்பர் இல்லாமலே நல்ல முன் ஆக்சில் நேராக ஓட வேண்டும். கல்லிலும் கட்டையிலும் ஏறும்போது கைக்கு வரும் அடியைக் குறைப்பது மட்டுமே டேம்பரின் வேலை. ஆட்டத்தை நிறுத்துவது அதன் வேலை இல்லை. இது புரிய எனக்கு ஒரு டேம்பர் விலை ஆனது.

கடலூர் ஓ.டி. என்கிற பழைய டவுன் பக்கம் ஒரு பழைய பட்டறை. நடத்துகிற பாய்க்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். மீன் ஏற்றுகிற வண்டிகள்தான் அவருக்கு வாடிக்கை. வண்டியைக் காட்டினேன். அவர் டேம்பரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முதல் வேலையாக இரண்டு ஸ்பேனரை எடுத்து டேம்பரைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டார்.

“தம்பி, இது இருக்கிறவரைக்கும் வண்டி எனக்கு உண்மை சொல்லாது.”

பிறகு முன்பக்கம் ஜாக்கி போட்டுத் தூக்கி, ஆக்சிலுக்கு அடியில் ஸ்டாண்டு கொடுத்தார். டயரின் உச்சியில் ஒரு கை, அடியில் ஒரு கை வைத்து உள்ளும் வெளியுமாக ஆட்டினார். ‘டொக்... டொக்’ என்று மெல்லிய சத்தம். நான் உடனே, “வீல் பேரிங் போச்சா பாய்?” என்றேன். “அதுக்குள்ள தீர்ப்பா? உள்ள ஏறி பிரேக்க மிதிங்க. விடாதீங்க” என்றார். மிதித்தேன். மறுபடி ஆட்டினார். அதே ‘டொக்’.

“பிரேக் புடிச்சா வீலும் நக்கிளும் ஒண்ணாயிடும். வீல் பேரிங்ல ஆட்டம் இருந்தா இப்ப மறைஞ்சிருக்கணும். மறையல. அப்ப ஆட்டம் அதுக்கு உள்ள இருக்கு. கிங் பின்.”

நக்கிள், கிங் பின் என்றால் என்ன என்று கொஞ்சம் கீழே சொல்கிறேன். இவ்வளவுதான் அந்தச் சோதனை. ஒரு ஜாக்கி, ஒரு கால், இரண்டு கை. எந்த மெஷினும் வேண்டாம். பிறகு டயரின் இடது வலது ஓரங்களைப் பிடித்து ஆட்டினார். இரண்டு முன்சக்கரங்களையும் இணைக்கும் கம்பிதான் டை ராட், அதன் முனை மூட்டுகள் எண்டு. டை ராட் எண்டுகளில் ஆட்டம் இருந்தால் இந்தத் திசையில்தான் தெரியும். என்னைக் கீழே படுக்கச் சொல்லி, ஒவ்வொரு எண்டின் மேலும் விரலை வைத்துக்கொள்ளச் சொன்னார். உள்ளே பந்து அதன் குழியில் தளர்ந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாத ஆட்டம்கூட விரல் நுனியில் நாடி பார்ப்பதுபோல் தெரிந்துவிடுகிறது. ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து சக்கரத்தின் பக்கம் போகும் கம்பியான டிராக் லிங்கின் ஒரு முனையில் தெரிந்தது. கடைசியாக வண்டியைக் கீழே இறக்கி, டயர் தரையில் அழுந்தியிருக்கும்போது என்னை ஸ்டியரிங்கை இடமும் வலமுமாகச் சின்னதாக அசைக்கச் சொல்லிவிட்டு அவர் பானெட்டுக்குள் தலையை விட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஸ்டியரிங் பாக்ஸை சேசிஸோடு பிடித்திருக்கும் போல்ட்டு ஒன்று தளர்ந்து, பாக்ஸே நூலளவு நகர்ந்துகொண்டிருந்தது.

கிங் பின் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ஜிப்சிக்கு முன்னாலும் ஒரே கட்டை ஆக்சில். அதன் இரண்டு முனையிலும் தேங்காய் அளவுக்கு ஒரு இரும்புப் பந்து. பந்தின் மேலும் கீழும் ஒவ்வொரு சின்ன டேப்பர் பேரிங். நக்கிள் என்கிற கூடு அந்தப் பந்தைக் கவ்வியிருக்கும். கூட்டின் வழியாக மேலிருந்தும் கீழிருந்தும் செருகிய இரண்டு முளைகள் அந்தப் பேரிங்குகளில் உட்கார்ந்திருக்கும். அந்த முளைதான் கிங் பின். சக்கரம் திரும்புவது இந்த இரண்டு முளைகளின் மேல்தான். பந்துக்குள்ளே, திரும்பிய சக்கரத்துக்கும் இன்ஜின் விசையைக் கொண்டுபோகும் சிவி ஜாயின்ட் கிரீஸில் கிடக்கும். பழைய மகேந்திரா ஜீப்களிலும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான். பொலேரோ, 2020இல் வந்த புது தார் போன்றவற்றில் முன்சக்கரங்களுக்குத் தனித்தனி சஸ்பென்ஷன், அங்கே கிங் பின்னுக்குப் பதில் பால் ஜாயின்ட். நான் சொல்வது அவற்றுக்கு அப்படியே பொருந்தாது.

“நீங்களே கழட்டுங்க, நான் சொல்லித் தரேன்” என்றார் பாய். கூலி மிச்சம் என்று சந்தோஷப்பட்டேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை போனது.

வீல், காலிப்பர், ஹப் எல்லாம் கழற்றி, பந்துக்குப் பின்னால் இருக்கும் சீல் தகட்டின் சின்ன போல்ட்டுகளை எடுத்து, உள்ளே சுழலும் ஆக்சில் ஷாஃப்டை உருவினால் அடுத்தது கிங் பின். மேல் பின்னையும் கீழ் பின்னையும் பிடித்திருக்கும் போல்ட்டுகளைக் கழற்றி, பின்னை லேசாகத் தட்டி உருவினேன். பின்னின் அடியில் காகிதம்போல மெல்லிய ஷிம் தகடுகள். எந்தப் பக்கம், மேலா கீழா, எத்தனை என்று குறித்து நூலில் கட்டித் தொங்கவிடச் சொல்லியிருந்தார் பாய். நான் எல்லாவற்றையும் ஒரே டிபன் மூடியில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவப் போட்டேன். நாலு இடத்துத் தகடும் ஒன்றாகக் கலந்தது. பாய் பார்த்துவிட்டுத் திட்டவில்லை. டீ சொல்லி அனுப்பினார். திட்டியிருந்தால் தேவலை.

பேரிங்கின் வெளிக்கிண்ணம் ஆக்சில் பந்திலேயே இறுகி உட்கார்ந்திருக்கும், அதைக் கப்பு என்பார்கள். அதைத் துடைத்துவிட்டு விரலை உள்ளே விட்டுத் தடவினேன். வழவழப்பான வட்டத்தில் வரிசையாகச் சின்னச் சின்னப் பள்ளங்கள், ஒவ்வொரு உருளையும் ஒரே இடத்தில் இடித்து இடித்துத் தன் அச்சைப் பதித்திருந்தது. நேராக ஓடும்போதுதான் சக்கரம் அதிக நேரம் ஒரே நிலையில் நிற்கும், எல்லா அடியும் அங்கேதான் விழும். அதனால் பள்ளமும் அங்கேதான். வளைவில் திரும்பும்போது உருளை பள்ளத்திலிருந்து ஏறி நல்ல இடத்துக்குப் போய்விடும், இறுக்கமாகத் தெரியும். நேர் சாலையில் மறுபடி பள்ளத்துக்குள் விழுந்து ஆடும். என் வண்டி வளைவில் நன்றாக இருந்து நேர் சாலையில் மட்டும் பேயாடியதன் ரகசியம் ஒரு ஐம்பது காசு அகலத்தில் இருந்தது.

பழைய கப்பை உளி வைத்துச் சுற்றிலும் சமமாகத் தட்டி வெளியேற்றி, புதுசைப் பழைய கப்பையே தாங்குகட்டையாக வைத்து உள்ளே இறக்கினோம். உதவிக்கு வந்த என் மச்சான், துறைமுகத்தில் மீன் ஏலம் எடுக்கிறவன், “மாமா, கப்ப ஐஸ்ல போட்டு வச்சா சுருங்கி ஈசியா எறங்குமே, பெட்டி நெறைய ஐஸ் இருக்கு” என்றான். யோசனை தப்பில்லை, குளிர்ந்தால் இரும்பு சுருங்கும்தான். பாய் ஒரு பார்வை பார்த்தார். “உப்புத் தண்ணி ஐஸுல புது பேரிங்கா?” மச்சான் அதற்குப் பிறகு ரொம்ப நேரம் பேசவில்லை.

ஆனால் அன்றைய வேலையைக் காப்பாற்றியது அவன்தான். ஷிம் கலந்துபோனதால் எத்தனை தகடு எங்கே போடுவது என்று தெரியவில்லை. தகட்டை எடுத்தால் பின் இன்னும் ஆழமாக இறங்கும், பேரிங் இறுகும். தகட்டைச் சேர்த்தால் தளரும். தளர்ந்தால் பழைய கதை. இறுகினால் ஸ்டியரிங் திருப்பிய இடத்திலேயே நிற்கும், தானாக நேருக்குத் திரும்பாது, பேரிங்கும் சீக்கிரம் போகும். சரியான இறுக்கத்தை அளக்க ஒரு வழி உண்டு. பந்தின் சீல் போடாமல், ஆக்சில் ஷாஃப்டும் இல்லாமல், வெறும் நக்கிளை மட்டும் மாட்டி, டை ராட் நுழையும் கையின் துளையில் ஸ்பிரிங் தராசின் கொக்கியை மாட்டி, கைக்குச் செங்குத்தாக இழுக்க வேண்டும். நக்கிள் நகர ஆரம்பிக்கிற அந்தக் கணத்தில் முள் காட்டுகிற எடையைப் பார்க்க வேண்டும். ஜிப்சிக்கு அது ஒரு கிலோவுக்கும் இரண்டு கிலோவுக்கும் நடுவில் இருந்தால் போதும் என்றார் பாய்.

“தராசுக்கு எங்க போறது?” என்றேன்.

மச்சான் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய் மீன் நிறுக்கும் கொக்கித் தராசைக் கொண்டுவந்தான். முதலில் கொண்டுவந்தது ஐம்பது கிலோ தராசு, வஞ்சிரம் நிறுப்பது. அதில் ஒன்றரைக் கிலோ ஒரு கொசு அசைவு. மறுபடி போய் இறால் நிறுக்கும் ஐந்து கிலோ தராசு கொண்டுவந்தான். முதல் இழுப்பில் அரைக் கிலோ கூட இல்லை, தளர்வு. ஒரு தகட்டை எடுத்தோம், எண்ணூறு கிராம். இன்னொன்று, மூன்று கிலோ, அதிகம். கொஞ்சம் மெல்லிய தகடாக மாற்றிப் போட்டதும் ஒன்றரை. மேலும் கீழும் ஏறக்குறைய சமமாகத் தகடு இருக்கும்படி பார்த்துக்கொண்டோம், இல்லாவிட்டால் நக்கிள் பந்தின் நடுவில் உட்காராமல் ஒரு பக்கம் ஏறி நிற்கும். இரண்டு பக்கமும் முடிக்க இருட்டிவிட்டது. அந்தத் தராசில் அடுத்த நாள் இறால் நிறுத்து வாங்கியவர்கள் யாருக்காவது கிரீஸ் வாசனை அடித்திருந்தால் மன்னிக்கவும்.

டிராக் லிங்க் எண்டையும் மாற்றினோம். எண்டைக் கழற்ற கவட்டை மாதிரியான உளியை இடுக்கில் செருகி அடிப்பார்கள், அது ரப்பர் பூட்டைக் கிழித்துவிடும். எண்டு எப்படியும் தூக்கிப் போடுவது என்றால் பரவாயில்லை. நல்ல எண்டு என்றால் நட்டை நாலு சுற்று மட்டும் தளர்த்தி, முழுக்க எடுக்காமல், துளையின் பக்கவாட்டில் இரண்டு சுத்தியலால் எதிரெதிராக ஒரே நேரத்தில் அடித்தால் ‘டப்’பென்று விட்டுவிடும். நட்டை முழுக்கக் கழற்றிவிட்டு மரைமேல் அடித்து மரையை நசுக்கினவர்கள் ஊரில் நிறைய பேர், நானும் ஒருத்தன். மாட்டும்போது, நட்டு கழலாமல் பூட்டுகிற ஸ்பிளிட் பின் புதுசு. பழையதை நிமிர்த்தித் திரும்பப் போடக் கூடாது, அது ஒரு ரூபாய் சாமான்.

டோ-இன், அதாவது முன்சக்கரங்கள் முன்பக்கம் லேசாக உள்நோக்கி இருக்கும் அளவு, அதை வைக்க அலைன்மெண்ட் கடைக்குப் போகவில்லை. இரண்டு முன்டயரிலும் நடுவில் சாக்பீஸ் கோடு போட்டு, அச்சு உயரத்தில் முன்பக்கம் அளந்து, வண்டியைத் தள்ளி டயர் அரைச் சுற்று சுற்றியபின் அதே கோடுகளைப் பின்பக்கம் அளந்தோம். முன் அளவு பின் அளவைவிட மூன்று மில்லிமீட்டர் குறைவாக வைத்தோம். டை ராட்டின் ஒரு முனையில் வலமரை, மறுமுனையில் இடமரை என்பதால் எதையும் கழற்றாமல் லாக் நட்டைத் தளர்த்திவிட்டு ராடைச் சுற்றினாலே நீளும், குறுகும். அளக்கும் முன் வண்டியை நாலடி முன்னே தள்ள வேண்டும். ஜாக்கியிலிருந்து இறக்கிய உடனே அளந்தால் டயர் கோணிக்கொண்டு நிற்கும், அளவு பொய் சொல்லும்.

ஷேக்கிள் விஷயத்தையும் பாய்தான் கண்டுபிடித்தார். நீள ஷேக்கிள் ஆக்சிலை லேசாகச் சுழற்றி, கேஸ்டர் கோணத்தைக் குறைத்திருந்தது. சைக்கிளின் முன் கவட்டை சாய்வாக இருப்பதால்தானே கையை விட்டாலும் நேராகப் போகிறது, அந்தச் சாய்வுதான் கேஸ்டர். அது குறைந்தால் வண்டி மிதக்கும். ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவில் ஆப்பு வடிவத் தகடு வைத்துச் சரிக்கட்டலாம், அதற்கு நடுபோல்ட்டும் நீளமாகப் போட வேண்டும். நான் அதைச் செய்யவில்லை. பழைய ஷேக்கிளையே திரும்பப் போட்டுவிட்டேன். கம்பீரம் இரண்டு விரல் குறைந்தது.

டேம்பர் இல்லாமல் தென்பெண்ணைப் பாலத்தில் ஏறினேன். ‘தட்’ என்ற சத்தம் மட்டும். அம்மா பின் சீட்டிலிருந்து, “இப்ப வேற வண்டியாடா இது?” என்றார். கம்பெனி டேம்பரைப் பிறகு மாட்டினேன். தடி டேம்பர் பரணில் இருக்கிறது.

இதோடு நிறுத்தியிருக்கலாம். அடுத்த முந்திரி சீசனில், பண்ருட்டிக்கு மேற்கே ஒரு தோப்பில், சருகுக்குள் மறைந்திருந்த அடிக்கட்டையில் ஏற்றிவிட்டேன். முந்திரி மரத்தை வெட்டினால் முழங்கால் உயரத்துக்குக் கட்டையை விட்டுவிடுவார்கள், மேலே சருகு ஒரு அடிக்குப் படியும், ஆனை படுத்தாலும் தெரியாது. கட்டை நேராக டை ராடில் போய் நின்றது. ஸ்டியரிங் சுழன்று என் கட்டைவிரலை அடித்ததில் இரண்டு வாரம் பேனா பிடிக்க முடியவில்லை. தோப்பிலும் கல்லிலும் ஓட்டும்போது கட்டைவிரலை வீலுக்கு உள்ளே கோக்காமல் விளிம்பின் மேலேயே வையுங்கள்.

கீழே குனிந்து பார்த்தால் டை ராட் வில்லாக வளைந்திருந்தது. இரண்டு டயரும் ஆளுக்கொரு திசையில். ராடைக் கழற்றி, ஒரு முந்திரி மரத்துக் கவையில் கொடுத்து நிமிர்த்தப் பார்த்தோம். கவை பிளந்தது, ராட் அசையவில்லை. தோப்புக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு, “அந்தாண்ட பலாமரம் இருக்கு, அதுல குடுங்க” என்றார். பலா தாங்கியது. இரண்டு பேர் தொங்கி, கண்ணளவுக்கு நேராக்கி, வேட்டிக் கயிற்றால் டயர்களை அளந்து மாட்டினோம். வீடு வரை 25க்கு மேல் போகவில்லை. பிளந்த மரத்துக்கும் காசு கொடுத்தேன்.

ஒருமுறை வளைந்து நிமிர்ந்த கம்பியை நம்பக் கூடாது. அது அடுத்த அடிக்கு முன்னதைவிடச் சீக்கிரம் அதே இடத்தில் வளையும், அல்லது முறியும். புது ராட் வாங்குவதா, தடிமனாகச் செய்வதா? புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு லேத்துக்குப் போனேன். கைவசம் ஒரு திட்டம் இருந்தது: வளைந்த ராடின்மேல் ஒரு பைப்பைச் செருகி, இரண்டு முனையும் வெல்டிங்.

லேத் அண்ணன் ராடைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். “ஸ்டியரிங்ல வெல்டிங் நான் வைக்க மாட்டேன். இன்னைக்கு நல்லாத்தான் இருக்கும். வெல்டு ஓரத்துல இரும்பு மொறமொறன்னு ஆயிருக்கும், வளையாம ஒடியும். வளைஞ்சா நீ வீட்டுக்கு வருவ. ஒடிஞ்சா?”

கேட்டுக்கொண்டேன். இஎன்-8 என்கிற எஃகுக் கம்பியில், நடுவில் வெல்டிங் இல்லாமல் ஒரே துண்டாக, இரண்டு முனையும் துளைத்து ஒன்றில் வலமரை, ஒன்றில் இடமரை போட்டுக் கொடுத்தார். இடமரை வெட்டும் டேப் தேடத்தான் ஒரு வாரம். எண்டுகள் கம்பெனி எண்டுகளே. மரை, அதன் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்காவது உள்ளே இறங்கியிருக்க வேண்டும் என்று குறி போட்டுக் கொடுத்தார், அலைன்மெண்ட் வைக்கும்போது அந்தக் குறி வெளியே தெரிந்தால் நிறுத்திவிட வேண்டும். தடிமன் விஷயத்தில் ஒரு கணக்கு: வளைவை எதிர்க்கும் விறைப்பு குறுக்களவின் நான்காம் மடியில் கூடும். 25 மில்லி கம்பியை 30 ஆக்கினால் தடிமன் ஐந்தில் ஒரு பங்குதான் கூடுகிறது, விறைப்பு இரண்டு மடங்கு ஆகிவிடுகிறது. அதனால் நான் கேட்ட 36 மில்லி தேவையில்லை என்றார். வாதாடினேன். நல்லவேளை தோற்றேன்.

ஏனென்றால் ராட் வளையாவிட்டால் அடி எங்காவது போய்த்தானே ஆக வேண்டும். அடுத்த வருஷம் இன்னொரு கட்டையில் இடித்தபோது புது ராடுக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு ஓட்டிவந்தேன். மறுநாள் கழுவும்போது பார்த்தால் நக்கிளின் மேல் கிங் பின்னைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளில் இரண்டு கையால் சுற்றும் அளவுக்குத் தளர்ந்திருந்தன. ஒன்றின் தலைக்கடியில் துருத்தூள் சிவப்பாகக் கசிந்திருந்தது. போல்ட்டு தளர்ந்து உரசுகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். அன்று இரவே பாலத்தில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்க விரும்பவில்லை. நாலு போல்ட்டையும் கம்பெனித் தரத்தில் புதுசாக மாற்றி, இறுக்கத்தை அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்ச் வைத்து முடுக்கி, தலையிலிருந்து நக்கிள் வரைக்கும் வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு இழுத்தேன். கோடு முறிந்திருந்தால் போல்ட்டு அசைந்திருக்கிறது. குனிந்து ஒரு பார்வை போதும்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணைத் தண்ணீரும் சேர்ந்து தென்பெண்ணையில் இறங்க, உச்சிமேடு, நாணமேடு, குண்டு உப்பலவாடி எல்லாம் மூழ்கின. பால் பாக்கெட், பிரெட், குடிதண்ணீர் என்று மூன்று நாள் ஜிப்சி ஓடியது. ஹப்புக்கு மேல் தண்ணீர். வண்டி ஒரு இடத்திலும் நிற்கவில்லை. எல்லோரும் தட்டிக்கொடுத்தார்கள், நானும் பானெட்டைத் தட்டிக்கொடுத்தேன். பிறகு சாக்கடை வாசனை போக வெளியே நன்றாகக் கழுவி நிறுத்திவிட்டேன். வீட்டிலும் கொட்டகையிலும் அவ்வளவு வேலை.

ஏழெட்டு வாரம் கழித்து ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பினால் ‘கடக் கடக்’. நக்கிளைத் திறந்தபோது கிரீஸ் பால் அதிகமாக ஊற்றிய டீ நிறத்தில் இருந்தது. சூடாக ஓடிய பந்து திடீரென்று குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கி, சீல் இடுக்கு வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். சேறும் கொஞ்சம் உள்ளே போயிருந்தது. சிவி ஜாயின்ட்டின் தடத்தில் துருப்புள்ளி, கீழ் கிங் பின் பேரிங்கில் துரு. மேல் பேரிங் பிழைத்தது, தண்ணீர் கீழேதானே தேங்கும். வெள்ளம் வடிந்த அந்த வாரத்திலேயே திறந்திருந்தால் கிரீஸ் செலவோடு போயிருக்கும்.

நம்ம கடற்கரை ஊரில் இன்னொரு தொல்லை உப்புக்காற்று. பந்தின் வெளிப்பக்கம் எப்போதும் வெளியே தெரிகிற இரும்பு. அதில் துருப்பள்ளம் விழுந்தால் திருப்பும்போதெல்லாம் சீலின் உதட்டை அரம்போல் அறுக்கும். புது சீல் போட்டு மூன்றே மாதத்தில் ஒழுகுகிறது என்று சீல் கம்பெனியைத் திட்டுகிறவர்கள் பந்தைத் தடவிப் பார்க்கட்டும். நைஸ் எமெரித் தாளால் மழமழப்பாக்கி, மேலே லேசாகக் கிரீஸ் பூசி வைத்தால் நிற்கும். பழைய இன்ஜின் ஆயிலையும் டீசலையும் கலந்து அடிப்பக்கம் முழுக்க அடிக்கும் வழக்கம் இங்கே உண்டு. சேசிஸுக்கு நல்லதாக இருக்கலாம். எண்டுகளின் ரப்பர் பூட்டில் பட்டால் ஊதிப்போய் வெடிக்கும். பூட் வெடித்த எண்டு சில்வர் பீச் மணலில் இரண்டு முறை போய் வந்தால் முடிந்தது. பந்தின் வெளியே கசிவது கறுப்புக் கிரீஸா, மெல்லிய எண்ணெயா என்றும் பாருங்கள். எண்ணெய் என்றால் ஆக்சிலில் பல்சக்கரங்கள் இருக்கும் டிஃபரென்ஷியல் பக்கத்து உள் சீல் போயிருக்கிறது, அந்த எண்ணெய் கிரீஸைக் கரைத்து வெளியே கொண்டுவருகிறது.

ஸ்டியரிங் பாக்ஸின் மேலிருக்கும் அட்ஜஸ்ட் திருகைப் பற்றி ஒரு எச்சரிக்கை. வீலில் ஆட்டம் தெரிந்தால் முதலில் அதைத்தான் முடுக்குவார்கள், கைக்கு எட்டுகிற இடத்தில் இருப்பதால். மற்ற எல்லாவற்றையும் சரிபார்த்தபின் கடைசியாகத் தொட வேண்டியது அது. சக்கரம் நேராக இருக்கும்போது மட்டும், கால் சுற்றுக்கும் குறைவாக. அதிகம் முடுக்கினால் நடுவில் பிடித்துக்கொள்ளும், உள்ளே பல் தேயும், பாக்ஸ் விலைக்கு நாலு கிங் பின் செட் வாங்கலாம்.

தடி ராட், பெரிய டயர் எல்லாவற்றுக்கும் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் அங்கேதான் பார்ப்பார். இப்போது என் ஜிப்சியில் இருப்பது 205/70 டயர். ராடையும், கட்டையே இல்லாத கொட்டகை வாசலில் நிற்கிற ஒரு நாளில், கம்பெனி ராடுக்கே மாற்றிவிடலாமா என்று யோசிக்கிறேன். வளைகிற ராட் ஸ்டெப்னி மாதிரி இன்னொன்று வண்டியிலேயே கட்டி வைத்துக்கொண்டால் தோப்பிலேயே அரை மணியில் மாற்றிவிடலாம். பாய்க்கு இதில் முழுச் சம்மதம், லேத் அண்ணனுக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்.

போன வாரம் இடப்பக்கப் பந்தில் மறுபடி ஈரம் தெரிகிறது. கறுப்புதான், எண்ணெய் இல்லை. திறந்து பார்த்துவிட வேண்டும். மச்சானிடம் தராசு கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை இறால் வியாபாரம் ஜாஸ்தி, தர முடியாதாம். திங்கட்கிழமை வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறான், கழுவித்தான் திருப்பித் தரணுமாம்.